ஆடி முடிந்த மறுநாள்

காலை 6.50. விழுப்புரம்.

திருச்சியில் ஏறிய ரயில் இருபது நிமிடம் தாமதமாக விழுப்புரம் சந்திப்பில் என்னை இறக்கிவிட்டது. தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை என்றாலும் வழிநெடுகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. என் சுபாவம் அப்படி. பேருந்து கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்.

நான் பார்க்க வந்தது 'நாலுவழி' என்ற இசைக்குழுவை. ஹார்ட்கோர் பங்க், திராஷ் மெட்டல் என்ற இரண்டையும் கலந்து அடிப்பவர்கள். கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. டிரம்ஸ் துரத்தும், கிடார் அறுக்கும், பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து கத்துவார். நான் வீட்டில் இதைப் போட்டால் மிக்ஸியை நிறுத்து என்று உள்ளறையிலிருந்து என் கணவர் குரல் கொடுப்பார். பல வருடங்களாக இவர்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறேன். அவர்கள் வாசிப்பதை நேரில் பார்த்ததில்லை. இன்று நான்காவது ஆல்பத்தைப் பதிவு செய்கிறார்கள். இதுவே கடைசி என்பதால் விழுந்தடித்துக்கொண்டு வந்தேன்.

நிலையத்துக்கு வெளியே சின்ன யானை வண்டி நின்றது. டிரம்ஸ் வாசிக்கும் பழனியின் வண்டி அது. மற்ற நாட்களில் அதில் காய்கறி போகும். கிடார் வாசிக்கும் ரேவதி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை, பதிவு வேலையும் அவருடையதுதான். பேஸ் கிடார் வாசித்தவர் துபாய்க்குப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் சேர்க்கவில்லை. பாடுகிற அந்தோணி, வளவனூர்க்காரர், முன்சீட்டில் கழுத்தில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, பதினஞ்சு நாளா அவன் யார்கிட்டயும் பேசல," என்றார் ரேவதி. "இன்னைக்குக் கத்தறதுக்காக சேத்து வச்சிக்கினு இருக்கான்."

குரல்நாணில் கட்டி. மறுநாள் காலை புதுச்சேரியில் அறுவைச் சிகிச்சை, இன்று மதியமே மருத்துவமனையில் சேர வேண்டும். பிறகு மெல்லப் பேச்சு வரலாம், கத்துவது என்பது இனி ஆயுசுக்கும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, இன்றைக்கு விட்டால் கிடையாது.

எதிரே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய், கொஞ்சம் தண்ணீர். சுவரில் தொங்கிய நாள்காட்டியைச் சும்மாதான் பார்த்தேன். கிட்டப் போய் மறுபடி பார்த்தேன்.

"பழனி, இன்னைக்கு ஆடி கடைசிதானே?"

"ஆமாக்கா. முப்பத்திரண்டு."

"அங்க ஆவணி ஒன்னுன்னு போட்டிருக்கே."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "இந்த வருஷம் ஆடிக்கு முப்பத்தொரு நாளுதான் தம்பி. நேத்தே முடிஞ்சிபோச்சு."

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். நாலுவழியின் எல்லா ஆல்பங்களும் கல்யாண மண்டபங்களில் பதிவானவை. ஸ்டுடியோவுக்கு வசதி கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் சல்லிசு. முதல் ஆல்பம் வளவனூரில் ஓர் ஆடியில். இரண்டாவது விக்கிரவாண்டியில் மார்கழியில். மூன்றாவது மறுபடி ஆடி. ஊரே நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் மாதங்கள்தான் இவர்களுக்கு முகூர்த்தம். பழனி போன வருடக் கணக்கில் முப்பத்திரண்டாம் நாளைக் குறித்துவிட்டார்.

திண்டிவனத்து மண்டப மேலாளர் சந்தானத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள்.

"ஆடி கடைசின்னு சொன்ன, நேத்து பூரா தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். வரல," என்றது குரல். "இன்னைக்கு சாயங்காலம் ரிசப்ஷன்ப்பா. நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னைக்கின்னா எப்பிடி?"

பழனி கெஞ்சினார். அறுவைச் சிகிச்சை, அந்தோணி, குரல் என்று எல்லாவற்றையும் சொன்னார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பாத்திரம் இழுபடும் சத்தம்.

"பொண்ணு வூட்டுக்காரங்க பதினோரு மணிக்கு வராங்க. அதுக்குள்ள முடிச்சிக்கினு கெளம்பிடணும். பெரிய ஹால் கெடையாது, பந்தி ஹாலுதான். ஜல்தியா வா."

7.30. விக்கிரவாண்டி.

நான் முன்சீட்டில் அந்தோணிக்கும் கதவுக்கும் நடுவே. ரேவதி பின்னால் டிரம்முக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஆடி முழுக்க அடைபட்டுக் கிடந்த ஊர் முழுதும் அன்றைக்குத்தான் சாலைக்கு வந்தாற்போல் இருந்தது. சுங்கச்சாவடியில் வாழைமரம் ஏற்றிய வண்டி, நாற்காலி ஏற்றிய வண்டி, சீர்வரிசைப் பீரோ ஏற்றிய வண்டி. நடுவில் நாங்கள் டிரம்மோடு.

"ஒரே பேஜாரா கீது," என்று பழனி ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். வழக்கமான தாளம் அல்ல, அந்தக் காட்டுவேகத் தாளம்.

"ரெண்டாவது ரெக்கார்டு எடுத்த மண்டபம் இந்த ஊர்லதான்க்கா," என்றார் பிறகு. "அந்தோணியோட அம்மா அங்கதான் எச்சி எல எடுக்க வருவாங்க. வளவனூர்லயும் அவங்கதான். இவனும் சின்னதுல கூடவே வந்து பின்னால குந்தியிருப்பான்."

அந்தோணி பழனியைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போனில் தட்டி என்னிடம் காட்டினார்: 'எட்டு பாட்டு. பதினாலு நிமிஷம். கடைசிப் பாட்டு எச்சில் இலை. அம்மாவுக்கு.'

அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

எட்டுப் பாட்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிப்பது இவர்கள் வழக்கம். தப்பு வந்தால் தப்போடு வரும். எதையும் திரும்ப எடுப்பதில்லை, வெட்டுவதில்லை. இரண்டாவது ஆல்பத்தில் நாலாம் பாட்டின் நடுவே காவலாளி விசில் ஊதுவது அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் அது எனக்கு ரசிக்கத்தக்க வீம்பாகத் தெரிந்தது. அன்று காலை, இந்த ஒரு தடவையாவது அதை விட்டுவிட மாட்டார்களா என்று இருந்தது.

9.15. திண்டிவனம்.

மண்டபம் ஓமந்தூர்ப் பக்கம் போகும் வழியில். வாசலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தி ஹாலில் மேசைகளை ஓரம் தள்ளி டிரம்ஸை இறக்கினோம். அடுத்த அறை சமையற்கட்டு, நடுவே கதவில்லாத வாசல். ஏழெட்டுப் பெண்கள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இலை எடுப்பவர்கள் இரண்டு பேர் முன்கூட்டியே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும் மாஸ்டர்," என்று பழனி சமையல்காரரிடம் சொன்னார்.

"அண்டா உருட்டறத விடவா," என்றார் அவர்.

பாவம், அவருக்குத் தெரியாது.

ஒயர்களோடு மல்லுக்கட்டியதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஒரு மைக் இரைந்தது, மாற்றினார்கள். ஒத்திகைக்கு நேரமில்லை, அந்தோணியின் தொண்டைக்கு அது கட்டுப்படியும் ஆகாது. ரேவதி மடிக்கணினியைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, வாசக் கதவு உங்க பொறுப்பு. யாரையும் உள்ள விட்டுடாதீங்க." என்னைப் போன்ற ஒருத்தியிடம் கொடுக்கக்கூடிய வேலையா அது?

10.35. பந்தி ஹால்.

பழனி குச்சிகளைத் தட்டினார். அந்தோணி துண்டை அவிழ்த்தார்.

பதினைந்து நாள் பேசாத மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்தது. கதவில் சாய்ந்திருந்த என் முதுகில் மரம் அதிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, இந்த இசையில் பிடிபடாது. ஆனால் ஆள் வலியில் இருக்கிறார் என்பது தெரிந்தது. முதல் பாட்டு, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் தேய்ந்தது. நான்காவதில் ஓரிடம் உடைந்தது. ரேவதி அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. எட்டுவரை தாங்குமா?

ஆறாவது பாட்டில் யாரோ கதவை இடித்தார்கள். பதினோரு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஒரு சந்து மட்டும் திறந்தேன். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. கல்யாணப் பெண்ணின் அப்பா என்று பார்த்ததுமே தெரிந்தது.

"யாரும்மா நீங்கள்லாம்? இங்க இன்னா நடக்குது?"

"இன்னும் ரெண்டே பாட்டுதாங்க. அஞ்சு நிமிஷம்."

"பாட்டா? யாரோ சாவற மாதிரி கத்துறாரு. பொண்ணு கார்ல ஒக்காந்திருக்குது. நல்ல நாளும் அதுவுமா இந்தச் சத்தத்துல எப்பிடிம்மா உள்ள கூட்டியாறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. என் பெண்ணாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனாலும் கதவை விடவில்லை. அவர் திரும்பி, "சந்தானம், மெயின அணைய்யா," என்று சத்தம் போட்டார்.

சந்தானம் வந்து அணைப்பதற்குள் ஏழாவது பாட்டு முடிந்து, எட்டாவது தொடங்கிச் சில நொடிகள் ஆகியிருந்தன. விளக்கு அணைந்தது, மின்விசிறி தளர்ந்தது, கிடார் செத்தது. ஒலிபெருக்கியும் போனது. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, மைக்குகளும் அதிலேதான் இணைந்திருந்தன. டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. பழனி நிறுத்தவில்லை. அந்தோணியும் நிறுத்தவில்லை.

அப்போதுதான் முதல்முறையாக வார்த்தைகள் கேட்டன.

அம்மா குனிஞ்சா, இலை எழுந்துச்சு
அம்மா நிமிந்தா, பந்தி முடிஞ்சுச்சு
நூறு கல்யாணம் பாத்தா எங்கம்மா
ஒன்னுலயும் ஒக்காரல

சமையற்கட்டில் கத்தி நறுக்கும் சத்தம் நின்றது. சுவரோரம் இருந்த இரண்டு பெண்களும் எழுந்து அந்த வாசலுக்கு வந்து நின்றார்கள். என் கை எப்போது கதவை விட்டதோ தெரியாது, பெண்ணின் அப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். கடைசி வரியை அந்தோணி நாலு தடவை கத்தினார். நாலாவது தடவை பாதிக்குமேல் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. பழனி கையை இறக்கினார்.

யாரும் கைதட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பெண்ணின் அப்பா ஹாலின் நடுவுக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார்.

ரேவதி தலையாட்டினார்.

"சரி. கல்யாண வூட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போவக் கூடாது. இருந்து மத்தியானம் சாப்ட்டுப் போங்க." பிறகு அந்தோணியைப் பார்த்தார். "நீயும்தான் தம்பி. மொத பந்தியிலியே ஒக்காரு."

அந்தோணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி முயன்றார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பெண்ணின் அப்பா காத்திருந்தார். பத்து நொடி இருக்கலாம். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"கூப்புடறது என் கடமை. அப்புறம் உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்தோணி பதறிப் போனை எடுத்துத் தட்டினார். திரையைத் தூக்கிக் காட்டும்போது அங்கே பெரியவர் இல்லை. அதில் 'ஒக்கார்றேங்க' என்று இருந்தது.

நான் பின்னால் ஓடினேன். "அவருக்குக் குரல் போயிடுச்சுங்க," என்று இரண்டு முறை சொன்னேன். காரைச் சுற்றிக் கூட்டம், ஆரத்தித் தட்டு. கையமர்த்திவிட்டு மகளுக்குக் கதவு திறக்கப் போய்விட்டார். பின்வாசலில் சந்தானம் சாமான்களை ஏற்றச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்கும் நேரமாகியிருந்தது.

12.20. திண்டிவனம் பேருந்து நிலையம்.

என்னை இறக்கிவிட்டுப் புதுச்சேரி போகிறார்கள். வெட்டாத, கூட்டாத பதிவை ரேவதி என் போனுக்கு அனுப்பினார்.

"கடைசியில பொண்ணோட அப்பா பேசினதும் வந்திருக்குடா. எடுத்துடலாமா?" என்று பழனி கேட்டார்.

அந்தோணி வேண்டாம் என்று தலையசைத்தார்.

விழுப்புரத்துக்கு முப்பத்தைந்து ரூபாய் டிக்கெட், ஜன்னலோர இடம். திருச்சியில் எங்கள் தெருவில் அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கிறது. நான் போவேன், சாப்பிடுவேன். எந்தப் பந்தியில் உட்காருகிறேன் என்று இத்தனை வயதில் ஒருமுறையாவது யோசித்திருக்கிறேனா? இல்லை. இலை எடுக்க வருகிறவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

விக்கிரவாண்டி வருவதற்குள் பதிவை முழுக்கக் கேட்டேன். மின்சாரம் போகிற இடம் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப்பின் வருவதைப் போல இவர்கள் வேறெதையும் செய்ததில்லை. டிரம்ஸ் ஓய்ந்ததும் பெண்ணின் அப்பா குரல் கேட்கிறது: 'மொத பந்தியிலியே ஒக்காரு.' அடுத்து அந்தோணி மூச்சு இழுப்பது, திரும்பவும் இழுப்பது. பிறகு பெரியவரின் செருப்பு வாசல் பக்கம் நகர்ந்து போகிற சத்தம்.