பால்கனிக்கென்று வைத்திருந்த படம்

சித்தப்பாவின் கேமராவுக்கு மனிதர்கள் ஆகாது. மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தே அலுத்துப்போனவர். பம்பாயின் பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் போடப்போகிறேன் என்று ஒரு பேராசிரியர் வந்து வேலை கொடுத்ததும், மோட்சம் கிடைத்ததுபோல் கிளம்பிவிட்டார். தூண்கள் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி இன்னொரு படம் கேட்பதில்லை.

கோட்டைப் பகுதி, கிர்காம் எல்லாம் முடித்து ஒரு ஞாயிறு காலை தாராவிக்கு, எங்கள் சந்துக்கு வந்தார். சந்து முனையில் பழைய தோல் வியாபாரி ஒருவரின் மாடிவீடு இருந்தது. மயிலும் கொடியும் செதுக்கிய மரப் பால்கனி. அந்த வீட்டுச் சுவரில் சார்த்திக் கட்டிய தகரக் குடிசையில் பெரியம்மா இருந்தார். அது கட்டடக்கலையில் சேராது.

பத்து மணி வெயில் பால்கனியில் விழக் காத்திருந்தோம். ஃபிலிம் சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம்.

மூன்றுகால் ஸ்டாண்டைப் பார்த்ததும் சந்து தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: முனிசிபாலிட்டி ஃபோட்டோ பாஸ். குடிசைகளைக் கணக்கெடுக்கும்போது குடும்பத்தை வாசலில் நிறுத்தி, எண் எழுதிய பலகையோடு படம் எடுத்து அட்டையில் ஒட்டித் தருவார்கள். படத்தில் இருப்பவர் பம்பாயில் இருப்பவர். படத்தில் இல்லாதவர் இல்லை. விருப்ப ஓய்வு பெறும்வரை அரசாங்க மேஜையில் உட்கார்ந்திருந்த நான், இவ்வளவு தெளிவான விதியைப் பிறகு படித்ததில்லை.

பத்து நிமிடத்தில் எல்லா வாசலிலும் பவுடர் பூசிய குடும்பங்கள். சித்தப்பா மறுக்க மறுக்க நம்பிக்கை கூடியது. "ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னு சொல்லிருப்பானுவ" என்றார் பக்கத்து வீட்டு டெய்லர். எல்லாரையும் உள்ளே அனுப்புவதற்குள் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பெரியம்மா மட்டும் போகவில்லை. என் சிலேட்டில் சாக்பீஸால் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு நின்றார்.

கணக்கெடுத்த அன்று அவர் தன் அம்மாவின் காரியத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். பாஸில் பெரியப்பா மட்டும்தான். அவரும் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆகவே காகிதப்படி அந்த வீட்டில் ஒருவர் குடியிருந்தார். அவர் உயிரோடு இல்லை. பெயர் சேர்க்க மனு, ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ், இன்ஸ்பெக்டர் விசாரணை. பெரியம்மா நான்கு முறை முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய்வந்திருந்தார்.

"மதினி, இது கவர்மெண்டு படம் இல்ல. கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பானுவ" என்றார் சித்தப்பா.

பெரியம்மா உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து பாஸை எடுத்துவந்து நீட்டினார். சித்தப்பா அதை அதற்குமுன் பார்த்ததில்லை. படத்தில் பெரியப்பா வாசலின் இடது ஓரத்தில் பலகையோடு நின்றார். வலது பாதி வெறும் தகரம். நடுவில் நிற்கச் சொல்லியும் நகரவில்லையாம்.

"கவர்மெண்டு படம் இல்லன்னு தெரியும்யா" என்றார் பெரியம்மா. "நீ எடு."

வாசலின் வலது ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு மாதமாகச் சித்தப்பாவோடு சுற்றியதில் படக்கலை முழுவதும் கைவந்துவிட்டிருந்தது. "நடுவுல வாங்க பெரியம்மா. பாதிப் படம் வீணாப் போகுது" என்றேன்.

"சும்மா இரு. அவங்க சரியாத்தான் நிக்காங்க" என்றார் சித்தப்பா.

சித்தப்பா கேமராவில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு ஒரு சின்னச் சத்தம். அதற்குச் சற்றுப் பின்னால், சொல்லிவைத்ததுபோல், வெயில் மயிலின் மேல் வந்து விழுந்தது. சுருள் தீர்ந்திருந்தது.

புத்தகத்தில் எங்கள் சந்துப் பால்கனி இல்லை. பெரியம்மாவின் பெயர் பாஸில் ஏற மேலும் சில வருடங்கள் ஆயின. அதற்கு இந்தப் படம் உதவவில்லை. முத்திரையும் கையொப்பமும் இல்லாத படத்தை நானே வாங்கியிருக்க மாட்டேன். அவர் அதைப் பாஸின் பிளாஸ்டிக் உறைக்குள், பெரியப்பாவின் படத்துக்கு இடப்பக்கத்தில், இருவரும் அடுத்தடுத்து நிற்கும்படி விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்திருந்தார்.

படம் எடுத்த அன்று மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் புகார் சொன்னேன். இருந்த ஒரே படத்தையும் சித்தப்பா வெறும் தகரத்துக்குச் செலவழித்துவிட்டார் என்று. அம்மா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கேட்காத சோறு அது.