மூடி வெளியே தெரிய வேண்டும்

வாங்கிய கையோடு மண்ணைப் போட்டு மூடுகிற சரக்கை மொத்தமாக விற்கிறவள் நான். பாதாளச் சாக்கடை எட்டாத பெங்களூர்ப் புது லேஅவுட்டுகளுக்கு என் கோடவுனிலிருந்துதான் செப்டிக் டேங்க் போகிறது. வீடு கட்டி அவதிப்பட்டவர்களும், கட்டுகிறவர்களுக்குச் சரக்கு விற்று அவதிப்பட்டவர்களும் என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்புகிறேன்.

போர்டு

கோடவுன் பிடித்த முதல் மாதம் போர்டு எழுத ஆள் வந்தார். கட்டடச் சொந்தக்காரருக்கு 'செப்டிக் டேங்க்' என்ற பேரே ஆகவில்லை. 'பயோ', 'கிரீன்' என்று ஏதாவது போட்டுக்கொள்ளச் சொன்னார். தெருவில் நல்ல ஜனங்கள் இருக்கிறார்களாம். நல்ல ஜனங்கள் கக்கூசுக்குப் போவதில்லையா என்று கேட்டுவிட்டு, எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் கட்டடச் சொந்தக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“கண்ணாடி போடாமலே படிக்க வருதேம்மா!”

ஃபோட்டோ

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. டேங்கைப் புதைத்த பிறகு, மூடி தரைக்கு மேலே தெரிகிற மாதிரி டீலர் ஃபோட்டோ அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த லோடு கிடையாது. மூடி தெரிந்தால் லாரிக் குழாயை விட்டு உறிஞ்சிவிடலாம். மறைத்துவிட்டால், கடைசி நேரத்தில் எதையாவது உடைத்து ஆளைத்தான் இறக்குவார்கள். அப்படி இறங்கிய என் அப்பா ஏறி வரவில்லை. நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு அவரைத் தூக்கி வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன்.

டீலர்களிடம் இந்தக் கதையெல்லாம் சொல்வதில்லை. பிரேசர் டவுனில் கடை வைத்திருக்கும் லாரன்ஸ் அண்ணன்தான் என் பெரிய டீலர். அதிகம் சலித்துக்கொள்பவரும் அவர்தான்.

“கல்யாணத்துக்குப் பொண்ணு ஃபோட்டோகூட இவ்ளோ கறாரா கேக்க மாட்டாங்கம்மா.”

கிரானைட்

ஒரு வீட்டு ஃபோட்டோ மட்டும் அவரிடமிருந்து வரவேயில்லை. நேரில் போனேன். கார் நிறுத்துமிடம் முழுக்கப் பளபளவென்று கிரானைட். “டேங்க் எங்க இருக்குன்னே தெரியலல்ல?” என்று வீட்டுக்காரம்மா பெருமையாகச் சிரித்தார். கோடவுனுக்குத் திரும்பி, லாரன்ஸ் அண்ணனுக்காக லாரியில் ஏற்றியிருந்த டேங்குகளை எல்லாம் இறக்கச் சொன்னேன். அவர் ஃபோனில் கத்தினார்.

“ஒரு மூடிக்காக என்னை விட்டுருவியா? டேங்க் விக்க பெங்களூர்ல வேற ஆளே இல்லையா?”

மூன்று ஓட்டை

இரண்டே மாதத்தில் அந்த வீட்டுக் கக்கூசில் தண்ணீர் எதிர்த்து வந்தது. டைல்ஸ் போட்டவர்கள் சிமென்ட் கரைசலைக் கக்கூசிலேயே ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். அது டேங்குக்குப் போகும் குழாயில் இறுகிவிட்டது. வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் போவதற்குள் கிரானைட்டை மூன்று இடத்தில் உடைத்து, மூன்றாவதில்தான் மூடியைக் கண்டுபிடித்திருந்தார்கள். மேஸ்திரி கூட்டி வந்த ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். லாரன்ஸ் அண்ணனும் அங்கேதான் நின்றார்.

டேங்க் வாய்க்கு முன்னால் போய் நின்று, கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அரை மணி நேர வேலைதான் என்றார் மேஸ்திரி. என் அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். லாரன்ஸ் அண்ணனே ஃபோன் போட்டு உறிஞ்சுகிற லாரியை வரவழைத்தார். வெளியே நின்றபடியே கம்பி விட்டு அடைப்பைக் குத்தி எடுக்கச் சாயங்காலம் ஆனது. இறங்க வந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“எறங்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. வேணாம்னு யாரும் சொன்னதில்லக்கா.”

லோடு

மறுவாரம் லாரன்ஸ் அண்ணனிடமிருந்து ஃபோட்டோ வந்தது. கிரானைட்டுக்கு நடுவே மூடி பளிச்சென்று தெரிந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

“மூடி தெரியுதும்மா. லோடு அனுப்பு.”

அனுப்பினேன், ஆனால் அவருடைய அடுத்த ஃபோட்டோவில் மூடிமேல் பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது, அதை நகர்த்தும்வரை என் லாரியையும் நான் நகரவிடவில்லை.