பச்சைக் கட்டையும் வெள்ளைக் கட்டையும்

மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தும்போது என் சம்சாரத்துக்குத் தலை சுற்றியது. விழவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பிரஷர் அதிகம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். காலையும் சாயங்காலமும் வீட்டிலேயே பார்த்துவிட்டு அடுத்த தரம் வரும்போது நம்பரைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று பார்ப்பாராம்.

எங்கள் மகன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். அவன் மெஷின் வாங்கி அனுப்பினான். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் காற்று ஏறி இறுக்கும். பிறகு நம்பர் வரும். அதற்கு நாலு பேட்டரிக் கட்டை வேண்டும். கடையில் வாங்கிப் போட்ட கடைக்கட்டை சீக்கிரம் தீர்ந்துபோனது. கட்டை வாங்கவே செம்மேட்டுக்கு நடக்க முடியாது. அதனால் மகன் ஒரு சார்ஜரும், சார்ஜ் ஏற்றுகிற பச்சைக் கட்டை ரெண்டும் அனுப்பினான். சேலத்து மருமகன் கேள்விப்பட்டார். சும்மா இருப்பாரா. அவர் பங்குக்கு வெள்ளைக் கட்டை ரெண்டு வாங்கி வந்தார். கம்பெனி வேறு. அளவு ஒன்றுதான். பொருந்தியது. போதும் என்று நினைத்தேன்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது.

சார்ஜரில் ரெண்டு ரெண்டாகத்தான் கட்டை போடவேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு விளக்கு. சிவப்பாக எரிந்து பச்சையானால் முடிந்தது என்று அர்த்தம். பச்சையானது. எடுத்து மெஷினில் போட்டேன். காற்று பாதி ஏறியது. நின்றது. திரை அணைந்தது. மறுபடி சார்ஜில் போட்டேன். மறுபடி பச்சை. மறுபடி பாதிக்காற்று. இதே வேலையாகப் போயிற்று. நடுவில் கரண்ட் வேறு போகும். மலையில் காற்றடித்தால் கரண்ட் போகத்தான் செய்யும். அதைக் குறை சொல்லி என்ன.

அவள் கட்டையைக் குறை சொல்லவில்லை.

"எம்பட ரத்தம் மெஷினுக்கே பிடிபடாத அளவுக்கு ஏறிப்போச்சுங்க. அதான் நின்னு நின்னு போகுது."

அன்றைக்கே குழம்பில் உப்பை நிறுத்திவிட்டாள். பிரஷர் அவளுக்கு. குழம்பு ரெண்டு பேருக்கும். ஏணிப்பக்கம் போவதையும் விட்டாள். சாயங்காலமானால் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள். மெஷின் நிற்கும். முகம் சுண்டிப்போகும். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

அவள் ரத்தத்தில் கோளாறு இல்லை என்று காட்ட என் கையில் சுற்றி அமுக்கினேன். பாதியில் நின்றது. காட்டினேன்.

"அப்ப உங்களுக்கும் இருக்குது. சொல்லாம வெச்சிருக்கறீங்க" என்றாள்.

பட்டையைக் கழற்றி வைத்தேன்.

எங்கள் பக்கம் பேட்டரி லைட்டுக் கட்டை மங்கினால் வெயிலில் போடுவோம். இன்னும் கொஞ்ச நாள் எரியும். நான் மரவள்ளிக் காட்டுக்குப் போன நேரத்தில் அவள் இந்த நாலு கட்டையையும் மிளகு காயும் தார்ப்பாயில் போட்டுவிட்டாள். மிளகை அள்ளும்போது கட்டையும் சாக்குக்குள் போயிற்று. மூட்டை பிடித்ததையெல்லாம் கொட்டித் தேடினேன். கறுப்பு மிளகில் வெள்ளைக் கட்டை சட்டென்று தெரியும் என்பீர்கள். தெரியவில்லை. கடைசி மூட்டையில்தான் நாலும் கிடைத்தது.

மகனுக்கு போன் போட்டேன். கம்பெனி கம்பெனியாகத்தானே ஜோடி போடுகிறீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். பச்சைக்குப் பச்சை, வெள்ளைக்கு வெள்ளை. நான் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பார்த்தால், நான் போட்டுவைத்த கட்டைகளை அவள் கழற்றி மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன புள்ள பண்ற?"

"ஒரு பச்சை, ஒரு வெள்ளைன்னு வெக்கறேனுங்க. பையனோடத ஒரு பக்கம், மாப்பிள்ளயோடத ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சா நல்லாவா இருக்குது? தெனமும் நாந்தான் மாத்தி வெக்கறேன். லைட்டுக்கு நீங்களே ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னுதான போடுவீங்க?"

வாஸ்தவம். பழசும் வீணாகக்கூடாது என்று லைட்டில் அப்படித்தான் போடுவேன். இந்த மலையில் எல்லோரும் அப்படித்தான். மகனிடம் சொன்னேன். சிரித்தான்.

"வெள்ளைக்கு வயிறு சின்னதுங்கப்பா. அது நெறஞ்சதும் லைட்டு மாறிருது. பச்சை அரைவயித்தோட எந்திரிக்குது."

கிழமாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டமாட்டோம். இவ்வளவு வயசாகியும் கட்டை விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லை.

ஜோடியைப் பிரித்துப் பச்சைக்குப் பச்சை, வெள்ளைக்கு வெள்ளை என்று போட்டோம். அவளுக்கு அரைமனசு. முதல் தரம் காற்று முக்காலுக்கு ஏறி நின்றது. மெஷினுக்குள் நாலும் சேர்ந்துதானே ஓடவேண்டும். வெள்ளை முதலில் ஓய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி நாள் நெருங்கியது. சொல்ல ஒரு நம்பர்கூட இல்லை. செம்மேட்டுக் கடையில் பச்சைக் கட்டை கேட்டேன். நீலம் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

மகன் இன்னும் ரெண்டு பச்சை வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். காரவள்ளிக்கு மேலே மலைப்பாதையில் ஏதோ ஒரு வளைவில் லாரி நின்றுபோய் பஸ் தாமதம். கண்டக்டர் பொட்டலத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க பையன் வழி பூரா போன் பண்றாரு. தங்கமுங்களா?"

"கட்டைங்க."

அவர் நம்பவில்லை.

நாலு பச்சையும் சார்ஜ் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று காலை அவள் பட்டையைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். காற்று ஏறியது. நிற்கவில்லை. முழுக்க ஏறி, இறங்கி, நம்பர் வந்தது.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. அதிகமாத்தான் இருக்குது."

கண்ணைத் திறந்தாள். பல நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"அதிகம்னா மாத்திரயக் கூட்டுவாங்க. நம்பரே வரலீன்னா என்னத்தக் குடுப்பாங்க?"

எழுந்து தலை வாரப் போனாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. நம்பர் இறங்கிவருகிறது. வெள்ளைக் கட்டையை சின்ன பேட்டரி லைட்டுக்கு ஒதுக்கினோம். அது மங்கலாக எரிகிறதே என்று திறந்தேன். ஒரு வெள்ளை, ஒரு பழைய கடைக்கட்டை. மூடி வைத்துவிட்டேன்.

குழம்பில் உப்பு இன்னும் வரவில்லை.