மாமனாரின் கடைவாய்ப் பல்லும் மாப்பிள்ளையின் பூட் மோடும்

"நான் ஒரு தடவை மாத்தினதை மறுபடி மாத்தினதா சரித்திரமே கிடையாது!" என்று கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருமுறை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முழங்கினார். சரித்திரம் மறுப்பேதும் சொல்லவில்லை. மாமனார் மட்டும், "தண்ணியக் குடிங்க மாப்ள, புரையேறிடப் போகுது" என்றார்.

அந்த மாமனார்தான் இப்போது, பல் மருத்துவரான மகளின் கிளினிக்கில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ஊசி போட்டாயிற்று, பாதி முகம் மரத்துவிட்டது. பல்லின் வேர் எங்கே வளைந்து நரம்பைத் தொடுகிறது என்று காட்டும் எக்ஸ்ரே, கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் மாப்பிள்ளையின் கையில் இருந்தது.

மனைவியின் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறதென்று, காலியாகக் கிடந்த இரண்டாவது டிஸ்க்கில் காலையில்தான், விண்டோஸுக்குத் துணையாக லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றியிருந்தார். லினக்ஸை ஏற்றும் அவருடைய பென் டிரைவ், அவரைப் போலவே, பழைய வழிக்குப் பழகியது. புது வழியில் எழுந்திருக்க மறுத்தது. அவர் பென் டிரைவைத் திருத்தவில்லை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் புகுந்து, அது கண்விழிக்கும் முறையையே யூஇஎஃப்ஐ என்ற புது வழியிலிருந்து லெகசி என்ற பழைய வழிக்கு மாற்றிவிட்டார். லினக்ஸ் சமர்த்தாக ஏறியது. "ரெண்டும் இருக்கும், வேணுங்கறதத் திறந்துக்க" என்று மனைவிக்கு உறுதியும் கொடுத்தார். அதை நம்பித்தான் அவள் ஊசியைக் குத்தினாள்.

இப்போது போட்டால் லினக்ஸ் மட்டுமே வருகிறது. எக்ஸ்ரே இருக்கும் விண்டோஸைக் காணோம்.

"என்னங்க, படம்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"எங்கிருந்து, நடந்தா? புதுசா எடுக்கவும் அந்த விண்டோஸ்தாங்க வேணும். அப்பா பிரஷருக்கு இன்னொரு ஊசி போட முடியாது."

மாமனார் கோணிய வாயால், "மாப்ழ... ஒதட்ல லேழா உணழ்ச்சி வழுது" என்று அறிக்கை விட்டார்.

அணைத்தார், போட்டார். லினக்ஸ் மலர்ந்த முகத்தோடு வரவேற்றது. அழித்துத் தொலைத்துவிட்டோமோ? பழைய டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். எல்லாம் அப்படியே நிறைந்திருந்தது. ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறார். இவர் கூப்பிடுகிற வாசல்தான் தப்பு.

நாற்காலியை நகர்த்தித் திரையை மறைத்துக்கொண்டார். பயாஸ். 'லெகசி' என்ற எழுத்தின்மேல் விரல் கொஞ்சம் தயங்கியது. யூஇஎஃப்ஐக்கே மாற்றினார். திரை இருண்டது. இருண்டே கிடந்தது. நாற்காலியில் மாமனார் கன்னத்தைத் தடவி முனகினார்.

பிறகு விண்டோஸ் எழுந்தது. வளைந்த வேரோடு பல் திரையில் வந்து நின்றது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் அவள், கையுறையை இழுத்துவிட்டபடி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் இல்லம்மா. காலைல இருந்த மாதிரியே திரும்ப வச்சுட்டேன்."