சுவருக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீவராகம் தெருவில் எனக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒரே சுவர். ஒல்லி உடம்பு, காதெல்லாம் நரைமயிர். பவளமும் கடல்மீனும் வளர்க்கும் என் கண்ணாடித் தொட்டியின் மோட்டார் இரைச்சல் பொறுக்காமல் தினமும் மத்தியானம் கைத்தடியால் சுவரைத் தட்டுவார்.

ஒரு மத்தியானம் கண்ணயர்ந்திருந்த என்னை வாசலில் வந்து எழுப்பினார்.

"என்ன ஓய், உம்ம சமுத்திரத்துக்குச் சத்தத்தையே காணோம்?"

பதறி ஓடினேன். தொட்டிக்குள் விட்டிருந்த நத்தை மோட்டாரில் சிக்கி, தண்ணீர் ஓட்டம் நின்றிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. நத்தையை எடுத்ததும் தண்ணீர் சுழன்றது; மீன்கள் பிழைத்தன.

"உங்களுக்குத்தான் இந்தச் சத்தமே ஆகாதே, மாமா?"

"ஆகாதுதான், கேட்டோ. ஆனா நின்னுடுத்துன்னா பயமா இருக்கே!"

மறுநாளும் மோட்டார் இரைந்தது; அவரும் தட்டினார். எதற்கெடுத்தாலும் பயப்படும் நான் இப்போது அந்தத் தட்டலைக் கேட்ட பிறகே மத்தியானம் கண்ணை மூடுகிறேன்.