இடது பையில் காரைக்கால்

இடது சட்டைப் பையில் போன் அடித்ததும் செம்பியன் நடையை நிறுத்தினார். கையைத் தூக்கிப் பையின் மேல் வைத்துக்கொண்டாரே தவிர, போனை எடுக்கவில்லை. ஒரு முறை அடித்து ஓய்ந்தது. "ம், வூட்ல எல்லாரும் நல்லாருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இருந்த சிமெண்ட் பெஞ்சுக்கு மறுபடி நடந்தார்.

காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேட்டில் அவருக்கு இறால் மொத்த வியாபாரம். அவர் பேசுவதற்குப் போன் எதற்கு, வாயாலேயே கொச்சிக்குக் கேட்குமே என்று ஏலக்கூடத்தில் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர்தான் சிங்கப்பூர் வந்ததிலிருந்து அடிக்கிற போனை எடுக்காமல் நிற்கிறார். மகள் எழில்மதியின் பிரசவத்துக்கு மனைவி குஞ்சம்மா வந்து இருந்துவிட்டுப் போயாயிற்று. பேரனைக் கொஞ்ச இப்போது இவர் முறை. 2007ஆம் வருஷம், வெளிநாட்டில் ஊர் நம்பருக்கு வருகிற போனை எடுத்தால், எடுத்தவனுக்கும் காசு பறந்த காலம்.

"மணியடிக்கிறதுக்குக் காசு கெடையாது. எடுத்தாத்தான் காசு" என்பது அவர் கண்ட உண்மை. அதை விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கோ விளக்கென்று விளக்கியதில், மனிதர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ஊர் சிம் போட்ட போன் இடது பையில். அது அடிப்பதற்கு மட்டும். மருமகன் கவியரசன் வாங்கிக் கொடுத்த சிங்கப்பூர் சிம் வலது பையில். அது மலிவாகத் திருப்பிக் கூப்பிடுவதற்கு. இதற்காகவே நெரவி டெய்லரிடம் எல்லாச் சட்டைக்கும் வலப்பக்கம் இன்னொரு பை வைக்கச் சொன்னார். "போலீஸ் சட்டை மாதிரி ஆயிடுமேங்க" என்று டெய்லர் தயங்கினார். "ஆவட்டும்ங்க. ரெண்டு நாட்டையும் ஒரே பையில போடச் சொல்றீங்களா?"

கிளம்பும்போது குஞ்சம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு மணி மட்டும் அடித்து நின்றால் எல்லாரும் சுகம். இரண்டு மணி என்றால் கொச்சிக்கு இறால் லோடு கிளம்பிவிட்டது. "வெலை எறங்குனா மட்டும் விடாம அடி. நான் ஒடனே கூப்புட்டு ரேட்டு சொல்றேன். நீயா எதையும் பேசிடாத."

"சரிங்க" என்றார் குஞ்சம்மா.

ஒரு மணி வந்தது. இரண்டு மணி வந்தது. விடாமல் அடிக்கிற மணி மட்டும் வரவே இல்லை. முதலில் செம்பியனுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அரித்தது. "மாப்ள, இந்த போனு ரெண்டு மணிக்கு மேல அடிக்காதோ? செத்த பாருங்க." கவியரசன் தன் போனிலிருந்து அடித்துக் காட்டினார். கணீரென்று விடாமல் அடித்தது. போனில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்ததில் செம்பியனின் முகம்தான் வாடிற்று.

ஒருநாள் காலைத் தொலைக்காட்சிச் செய்தியில், ஏற்றுமதி இறால் விலை சரிந்துவிட்டது என்றார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து, இடது பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிதம்பரநாதன். 'நான் வாயத் தொறக்காம அங்க ஒரு கூடை நவுராது' என்று அவரிடம் தினமும் சொல்லி வந்திருந்தார் செம்பியன்.

போன் அடித்தது. இரண்டே மணி. நின்றுவிட்டது.

செம்பியனுக்குப் பொறுக்கவில்லை. வலது பைப் போனை எடுத்துக் கூப்பிட்டார்.

"என்னாங்க, ரெண்டு மணிதானே குடுத்தேன்?" என்றார் குஞ்சம்மா.

"வெலை வுழுந்துருச்சாமே! லோடு எப்படிப் போச்சு?"

"வுழும்னு காதுல பட்டுச்சு. முந்தாநாளே கொச்சிக்காரர்ட்ட பேசிப் பழைய ரேட்டுக்கே முடிச்சுட்டேன்."

"யாரக் கேட்டு முடிச்ச?"

"அவரத்தான் கேட்டேன். வாங்குறவரு அவருதானே?"

செம்பியன் கோபப்படலாம் என்று பார்த்தார். அவரே பேசியிருந்தாலும் இதைவிட நல்ல விலை கிடைத்திருக்காது என்பது தெரிந்ததால் கோபமும் கைகொடுக்கவில்லை. "ஒரு தடவ விடாம அடிச்சிருக்கலாம்ல, குஞ்சம்மா?" என்றார், குரல் இறங்கி.

"அடிச்சா புள்ளய எறக்கி வுட்டுட்டுப் போனோட நிப்பீங்க. எத்தன வருசம் கழிச்சு இப்பதான் சும்மா ஒக்காந்திருக்கீங்க. அவன வெச்சுக் கொஞ்சுங்க. காசு ஓடுது, வைக்கிறேன்."

வைத்துவிட்டார்.

சிதம்பரநாதன் கவலையோடு இந்தப் பக்கம் சாய்ந்தார். "என்னங்க, ஊர்ல எதும் பிரச்சினையா?"

'இருங்க' என்று கையைக் காட்டினார் செம்பியன். மடியிலிருந்த பேரனைச் சரியாக அணைத்துக்கொண்டு, பேச்சு அறுந்த போனைக் காதோடு அழுத்தி, பெஞ்சே அதிரச் சொன்னார்: "ம்... சரி, சரி. அந்த ரேட்டுக்கே குடுத்துடு. நாஞ்சொன்னேன்னு சொல்லு!"