இரண்டு கிழமைக்குள் வாயைத் திறக்க வேண்டும்

மனிதவளப் பிரிவில் வேலை என்றால் ஏசி அறையில் இருந்துகொண்டு கையெழுத்து வாங்குவதுதான் என்று நினைப்பவர்கள், ஜூன் மாதத்தில் ஒருமுறை என் கதிரையில் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

லிட்கமில் இருக்கும் எங்கள் குளிர்களஞ்சிய நிறுவனத்தில் வேலை விசாவில் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவ உதவி கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முழுச் செலவும் அவர்கள் தலையில்தான். அதனால் நிறுவனமே மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கிறது. சின்னத் திட்டம் இலவசம். சம்பளத்தில் கொஞ்சம் கழிக்கச் சம்மதித்தால் பிரசவச் செலவும் சேர்ந்த பெரிய திட்டம். ஆனால் அதில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகு பிறக்கும் பிள்ளைக்குத்தான் காசு தருவார்கள். எது வேண்டும் என்று ஜூனில் இரண்டு கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். தவறினால் அடுத்த ஜூன்தான். இதைத் தமிழ் ஆட்களுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, மிச்சத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

சாப்பாட்டு அறை ஆலோசகர்

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், கணக்குப் பிரிவில் இருப்பவர், கல்யாணம் ஆகாதவர். ஒரு மணித்தியாலம் என் முன்னால் இருந்து கண்ணாடிக்கு எவ்வளவு, முதுகு மசாஜுக்கு எவ்வளவு என்று குடைந்துவிட்டுச் சின்னத் திட்டத்தை எடுத்தார். அவருக்கு அதுவே போதும். எனக்கும் சந்தோஷம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆலோசகர் ஆகிவிட்டார். “நான் நல்லா அலசிப் பார்த்துட்டேன், பெரிய திட்டம் வெட்டிச் செலவு” என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். பிறகு கல்யாணம் கட்டியவர்கள் வரிசையாக வந்து, நான் அனுப்பிய விளக்கத்தை ஒரு வரிகூட வாசிக்காமல், கார்த்திக் எடுத்ததையே தங்களுக்கும் போடச் சொன்னார்கள். கோபத்தோடு அவரிடம் போனேன். அவர் சிரித்தார். “மேடம், உங்க வேலையில பாதியை நான் முடிச்சுட்டேன், ஒரு தேங்க்ஸ்கூட இல்லையா?”

கூரையில் என்ன இருக்கிறது?

அந்த வரிசையில் சுகந்தனும் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், எங்கள் குளிரூட்டி இயந்திரங்களைத் திருத்துகிறவன். மனைவி மதுரா போன வருடம்தான் வந்து சேர்ந்தாள். “தம்பி, பிள்ளை எண்டு ஏதும் யோசனை இருந்தால் சின்னது சரிவராது” என்றேன். அவன் கூரையைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

இந்தக் காப்புறுதி இல்லாமல் இங்கே பிள்ளை பெற்றால் இதுவரை சேர்த்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் எழும்பி நின்றான். “உதெல்லாம் கடவுள் தாறது அக்கா. இப்பவே வாயாலை சொல்லிக் கண்ணூறு பட்டால் ஆர் பொறுப்பு?”

கோயிலில் ஒரு முயற்சி

ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில் மதுராவைக் கண்டேன். பெண்ணோடு பெண் பேசினால் விளங்கும் என்று நினைத்தேன். பிரசவம் என்ற சொல்லை நான் எடுத்ததும் அவள் நாலு பக்கமும் பார்த்தாள். பின்னால் தயிர்ச்சாதத்துக்கு நின்ற வரிசை முழுவதும் எங்கள் சனம். என் கையைப் பிடித்துக் கார் நிறுத்தும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கேதான் சொன்னாள். ஊரில் இருந்தபோது ஒரு பிள்ளை தங்கியதாம். நாள் தள்ளிப்போன கிழமையே இரண்டு வீட்டாரும் ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்களாம். அது நிலைக்கவில்லை. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இனி ஒண்டு தங்கினால் மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம் அக்கா, காப்புறுதிக்காரனுக்கும்தான்.”

கடைசி நாள்

சுகந்தனைக் கூப்பிட்டேன். “நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம், நானும் கேக்க மாட்டன். தலையை மட்டும் ஆட்டும், பெரிய திட்டத்தைப் போடுறன்” என்றேன். சம்பளத்தில் கழிப்பது கார்த்திக்குக்குத் தெரியுமா என்று கேட்டான். தொகை மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது என்றேன். கார்த்திக் சாப்பாட்டு அறையில் வைத்துக் கேட்பாரே என்றான். கேட்டால் என் பெயரைச் சொல்லச் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வது?

வெளியே போய் மதுராவோடு போனில் கதைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலை ஆடுவதைப் பார்த்து, வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உள்ளே வந்தான். “சின்னதையே போடுங்கோ அக்கா. ஒண்டையும் எதிர்பார்க்காத மாதிரி இருந்தாத்தான் எங்களுக்கு நடக்கும்.”

ஒரு டப்பா கேசரி

தைப்பொங்கல் முடிந்த கிழமை, முகமெல்லாம் பல்லாக சுகந்தன் என் மேசைக்கு வந்தான். கையில் மதுரா கிண்டிய கேசரி. மூன்று மாதம் முடிந்துவிட்டது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஜூலைக் கடைசியில் பிள்ளை. நான் எழும்பி நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

கதிரையில் இருந்த பிறகுதான் மனம் கணக்குப் பார்த்தது. போன ஜூனில் தலையை ஆட்டியிருந்தால், பிள்ளை பிறக்குமுன்னே அந்த ஒரு வருடம் முடிந்திருக்கும். இனி என்ன செய்தாலும் இந்தப் பிரசவத்துக்கு ஒரு சதமும் வராது. அழுவதா, அவனைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனோ கூரையைப் பார்க்கவில்லை, நேரே என்னைத்தான் பார்த்தான். “இனி ஒளிக்க ஒண்டுமில்லை அக்கா, அந்தப் பெரிய திட்டத்திலை எங்களைச் சேர்த்துவிடுங்கோ.”

காப்புறுதிக்காரன் ஒரு வருடம் முன்பே கேட்கிறான், எங்கள் சனம் மூன்று மாதம் கழித்துத்தான் சொல்கிறது, நடுவில் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.